பூட்ஸ் விஷயம்

சாவோ, மே 1943

தவுனோ அண்ணா,
நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன்.
புள்ளிப் பசு கிடாரி ஈன்றது.
நீ வந்துதான் பெயர் வைக்க வேண்டுமாம், அம்மா கட்டளை.
அதுவரை "ஏய்" என்றாலே திரும்பிப் பார்க்கிறது.

ஏரி போன செவ்வாய் உடைந்தது.
பனி பிளந்த சத்தத்தில்
ரெய்னோ கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டான்.
யாரிடமும் சொல்லாதே என்று கெஞ்சினான்.
நீ என்ன, யாரோவா?

ஆவுனே மூன்று முறை உப்புக் கடன் கேட்டு வந்தாள்.
அவர்கள் வீட்டில் உப்பு இருக்கிறது,
நான் பார்த்தேன்.
உன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
உன் படத்துக்கு எதிரில் நின்றுகொண்டு
ஒன்றும் கேட்கவில்லை.

காபி என்று நாங்கள் குடிப்பது
வறுத்த பார்லியும் ஏதோ ஒரு வேரும்.
அப்பாவின் இடுப்பு அப்படியேதான்.

வில்ப்புவைப் பற்றித் தகவல் இல்லை.
ராணுவம் ஓட்டிக்கொண்டு போகும்போது
குளம்பில் எண் சுட்டார்கள், நானூற்றுப் பதினேழு.
செம்பழுப்புக் குதிரை,
நெற்றியில் கோணலாக ஒரு வெள்ளைக் கீற்று.
அந்தப் பக்கம் எங்காவது கண்டால்
தாடைக்குக் கீழே சொறிந்துவிடு.
அதற்கு எழுதத் தெரியாது, எழுதவில்லை.
உனக்குத் தெரியும்.

இனி வருவது
நான் மூன்று தடவை எழுதிக் கிழித்த பக்கம்.

பண்ணைக்கு ஓர் ஆள் கொடுத்திருக்கிறார்கள்.
கைதி. அவர்கள் நாட்டுக்காரன்.
பெயர் யெஃபீம்.
சட்டை முதுகில் பெரிதாக ஓர் எழுத்து,
காலில் சாக்குத்துணி.
எலியாஸ் வீட்டுக் கிழக்குதிரையைப் பூட்டி
மேட்டு வயலை உழுதான்.
மூன்றாம் நாள் சால் நெடுகக்
கறுப்பு மண்ணில் சிவப்பு.

அம்மா ஒன்றும் பேசவில்லை.
உள்ளே போனாள்.
உன் பூட்ஸோடு வந்தாள்.

ஆமாம், அதே ஜோடிதான்.
ஆற்றில் மரம் மிதக்கவிட்ட கூலியில்
குவோப்பியோ சந்தையில் நீ வாங்கியது.
நீ போனதிலிருந்து
மாதாமாதம் நான் தார் எண்ணெய் பூசிவைத்தது.

நான் கத்தினேன்.
அப்பா இரண்டு நாள் சாப்பாட்டு மேசைக்கு வரவில்லை.
அம்மா கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டே சொன்னாள்:
"கால் நுழையாத பூட்ஸ் விறைத்துப்போகும்."
வேறு விளக்கம் எதுவும் உனக்கும் கிடைக்காது.

ஆனால் அன்று மாலை
அவனிடம் அவள் கைஜாடையில் ஏதோ கேட்டாள்.
கிழக்கைக் காட்டி,
தன் நெஞ்சைக் காட்டி,
பூட்ஸைக் காட்டி.
உங்கள் ஊரிலும் ஒருத்தி இப்படிக்
கொடுப்பாளா என்று கேட்டிருப்பாள்.
அவனுக்குப் புரியவில்லை.
அளவு கேட்கிறாள் என்று நினைத்து
நான்கு விரல் நீட்டினான்,
அப்புறம் மூன்று.

நாற்பத்து மூன்று.
உன் அளவேதான்.
அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் இன்னும் அவனோடு பேசுவதில்லை.
பேசத் தெரியாது என்பது வேறு விஷயம்.

ஒன்று மட்டும் எழுதாமல் இருக்க முடியவில்லை.
விடிகாலையில் அவன் படியேறும்போது
டுர்ரி பாய்ந்து ஓடுகிறது, வாலாட்டிக்கொண்டு.
இடது குதிகாலில் அந்த இரும்பு லாடம்,
அதன் சத்தம் அதற்குத் தெரியும்.
கதவு திறக்கிறது.
மோந்து பார்க்கிறது.
திரும்பி வந்து அடுப்படியில் படுத்துக்கொள்கிறது.
தினமும்.
அம்மா காபி ஊற்றும் கை
தினமும் அந்த ஒரு நொடி நிற்கிறது.
நாயைத்தான் முட்டாள் என்று திட்டுகிறோம்.

கோபம் வந்தால் கோபமாகவே எழுது.
களத் தபாலில் அதற்குத் தலை ஒட்ட வேண்டாம்.

இதோடு சாக்ஸ் வைத்திருக்கிறேன்.
வலதில் கம்பளி நூல் தீர்ந்துபோய்
விரல் பக்கம் வேறு சாம்பல் நிறம், பொறுத்துக்கொள்.
போன வாரம் எலியாஸின் மகன் வீடு திரும்பினான்.
அவன் தங்கைக்கு இனி
ஒற்றை சாக்ஸ் பின்னினால் போதும்.

நான் ஜோடியாகவே அனுப்புகிறேன்.
இரண்டும் பொருந்தியது என்று
ஒரு வரி எழுது.

ஹில்யா