பூச்சியத்துக்கும் கோட்டுக்கும் இடையில்

மாதக் கடைசி. பிட்டகோட்டேயில் மழை.
ஜெனரேட்டர் இரண்டு தரம் இருமிப் பிறகு பிடித்துக்கொண்டது.
மூன்றாம் மாடிக் கந்தோரில் நானும்
விசிறிக்குக் கீழே பறக்கப் பார்க்கும் முப்பது நாளும்.

அறிக்கை ஒரே ஒரு பக்கம்:
பிரதேசம், எண்ணிக்கை, ஆகக் கூடிய அளவு, மதிப்பீடு.
நான்கு நிரலுக்குள் ஒரு தீவு.

முதலில் களை பிடுங்க வேண்டும்.
பகல் பன்னிரண்டுக்கு நாள் தவறாமல் துள்ளுவது குவாரி;
வெடி வைத்துவிட்டு அவர்கள் சோறு தின்னப் போவார்கள்.
இரவு முழுக்கச் சோம்பலாய் முனகுவது
தென்மேற்குப் பருவத்துக் கடல்.
பத்தொன்பதாம் திகதி, கூர்மையாய், ஒற்றையாய் ஒன்று:
நிலையக் காவலாளி சோமதாச கேற்றை அடித்துச் சாத்தியது.
அவரே போன் எடுத்து ஒப்புக்கொண்டார்.

மிஞ்சியவை ஏழு.
நிலம் தன்பாட்டில் அசைந்த ஏழு.

மத்தி: நான்கு. நீர்த்தேக்கத்தின் ஓரம்.
தண்ணீர் ஏற ஏறப் பாறை
தோள் மாற்றிக்கொள்கிறதோ என்னவோ.
பெரியது இரண்டு தசம் இரண்டு.
திகனப் பக்கமிருந்து ஒரு பெண் அழைத்தாள்,
அலுமாரிக்குள் பீங்கான்கள் பல்லைக் கடித்தன என்று.
சிங்களத்தில் அவள் அதைச் சொன்ன விதம் பிடித்திருந்தது.
படிவத்தில் இடமிருப்பது
"உணரப்பட்டது: ஆம்" என்பதற்கு மட்டும்.

ஊவா: இரண்டு.
வெல்லவாயவில் ஒரு பாடசாலை அதிபர்
பிள்ளைகளை மைதானத்துக்கு இறக்கிவிட்டு
திரும்ப உள்ளே விடலாமா என்று கேட்டார்.
விடலாம் என்றேன்.
போனை வைத்த பிறகு
அந்தக் கூரையை என் சொல் ஒன்று
தனியே தாங்கிக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது.
அன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை.

கிழக்கு: ஒன்று. கடலுக்குள். ஒருவரும் அறியார்.
மேல்: பூச்சியம். தெற்கு: பூச்சியம்.
இவை பார்த்து, எண்ணி எழுதியவை.

வடக்கு.

ஆகக் கிட்டிய கருவியும்
காடு தாண்டித்தான் காது கொடுக்க வேண்டும்.
சிறிய அசைவென்றால் வழியிலேயே களைத்துவிடும்.
போன கிழமை நெடுங்கேணியிலிருந்து தர்மகுலராசா என்றொருவர்:
"கிணத்துத் தண்ணியில வட்டம் வந்தது, பிள்ளை.
காத்துமில்லை, வாளியும் விடேல்லை."
எத்தனை மணிக்கு?
"கோழி ரெண்டாந்தரம் கூவேக்க."
வரைகோட்டில் தேடினேன்.
ஒரு கோழிக்கும் மறு கோழிக்கும் நடுவில் ஒரு மணித்தியாலம்.
ஒன்றுமில்லை.
அல்லது, எங்களுக்குக் கேட்கிற அளவில் ஒன்றுமில்லை.

ஆகவே அந்தப் பெட்டியில் ஒரு கோடு இட்டேன்.

பணிப்பாளர் ஹேவகே நல்ல மனிதர். பென்சிலால் சுழித்தார்.
"இதில் பூச்சியம் அல்லவா வரவேண்டும், மிஸ் நிரஞ்சலா?"
"பூச்சியம் என்றால் எண்ணினோம், இல்லை, சேர்.
கோடு என்றால் எண்ணவில்லை."
"கோடு போட்டால் கேள்வி வரும்."
வரட்டும் என்றுதான். இதை வாய்க்குள் சொன்னேன்.
எண்ணாமலே பூச்சியம் எழுதுவது
இந்த நாட்டில் புதிதுமல்ல. இதை வாய்க்குள்ளும் சொல்லவில்லை.

அவர் மழையைக் கொஞ்சம் பார்த்தார்.
"சரி, பூச்சியம். பக்கத்தில் ஒரு நட்சத்திரம்.
அடியில் சின்ன எழுத்தில் எழுதுங்கள்."
எழுதினேன், எட்டாம் அளவில்:
இப்பிரதேசத்தில் போதிய அவதானிப்பு இல்லை.
மதிப்பீடு: அச்சப்படத் தேவையில்லை.
அது போன மாதத்திலிருந்து பிரதி பண்ணியது.

இரவு வெள்ளவத்தை வீட்டிலிருந்து
தர்மகுலராசாவுக்கு எடுத்தேன். வேலை நேரமில்லை, என் காசு.
"அடுத்தமுறை வட்டம் வந்தால்
மணிக்கூட்டைப் பார்த்து நிமிசத்தோட சொல்லுங்கோ ஐயா."
அங்கே கொஞ்சம் பேச்சில்லை.
"அடுத்தமுறை எண்டா,
வரும் எண்டுதானே சொல்லுறீங்கள்?"

அந்த நேரம் பார்த்துக் கரையோர ரயில்.
யன்னல் அதிர்ந்தது, மேசையில் தண்ணீர்க் கிளாசும்.
கடைசிப் பெட்டி போய் முடியுமட்டும்
பதில் சொல்லாமல் இருக்க
எனக்கொரு சாட்டு இருந்தது.