புள்ளி நாலு

சைமா ஏரி இன்னும் உறையவில்லை.
நாணலைச் சுற்றி மட்டும்
மெல்லிய கண்ணாடி விளிம்பு.
வெஸ்டரினென் வீட்டுப் படகு கரையேறி
மரக்கட்டைகள்மேல் உட்கார்ந்திருக்கிறது,
அடிவயிற்றிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட.

எஞ்சின் மூடியைத் தூக்கினேன். முதலில் மீட்டர்.
ஓடிய மணிகளை நோட்டில் எழுதாமல்
ஸ்பானரைத் தொடமாட்டேன், அது என் வழக்கம்.

மே மாதம் தண்ணீரில் இறக்கிய அன்று 1846.2.
இன்று 1846.6.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு
டார்ச்சைக் கிட்டே பிடித்துப் பார்த்தேன்.
போன கோடையில் எழுபத்தொரு மணி நேரம்.
அதற்கு முந்தையது மழைக்காலம் மாதிரி இருந்தது,
அப்போதும் அறுபத்து நாலு.
சவோன்லின்னா போகும் வழியில் ஹெல்காவின் தொப்பி பறந்து
அதைத் தேடியே ஒரு மணி நேர டீசல் எரித்தார்களாம்.
ஐமோ புகார் மாதிரி சொன்னார்,
முகம் அப்படிச் சொல்லவில்லை.

புள்ளி நாலு என்றால் இருபத்து நாலு நிமிடம்.

எங்கேயும் போகவில்லை. காலையில்
படகை இழுக்கும்போதே பார்த்தேனே,
கயிற்றில் பாசி தாடியாகத் தொங்கியது.
மே மாதம் நான் போட்ட முடிச்சு
நான் போட்டபடியே இறுகிக் கிடந்தது.
நகம் உடைந்ததுதான் மிச்சம்,
கத்தியால் அறுத்தேன்.

அப்படியானால் கட்டிய இடத்திலேயே யாரோ
சாவியைத் திருப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.
கேபின் சூடேற அவ்வளவு நேரம் போதும்.
ஒரு காபி குடிக்கவும் போதும்.
பேசுவதற்குப் போதுமா, தெரியாது.
பேசாமல் இருப்பதற்கு
அது நீளமான நேரம்.

போன் செய்தேன். ஐமோ எடுத்தார்.
இந்த வருஷம் ஆயில் மாற்றணுமா, என்றேன்,
ஓடியதே கொஞ்சம்...
"வழக்கம்போல, சிர்க்கு. எல்லாம் வழக்கம்போல."
பின்னால் ரேடியோவில் ஒருவன்
காற்றின் வேகம் படித்துக்கொண்டிருந்தான்.
ஹெல்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டிருக்கலாம்.
கையெல்லாம் கிரீஸ், போன் வழுக்கியது,
அதைக் காரணமாக வைத்துக்கொள்கிறேன்.

ஹோஸை மாட்டி ஓடவிட்டேன், ஆயில் இளகுவதற்காக.
தார் மாதிரி வரவேண்டியது
பழுப்பாக வந்தது, கட்டங்காபி நிறத்தில்.
டீசல் வடிகட்டியில் ஒரு துளித் தண்ணீர்.
டாங்க் கழுத்துவரை நிறைய
மூன்று லிட்டர் போதுமாக இருந்தது.
நெகிழிக் கேனை உறிஞ்சுகுழாயில் கவிழ்த்தேன்.
பின்னால் வாளியில் முதலில் வெறும் தண்ணீர்,
அப்புறம் நுரை, அப்புறம் ரோஸ் நிறம்.
நிறுத்தினேன்.
இனி எந்தக் குளிரும் அதன் உடம்பைப் பிளக்காது.

இம்பெல்லரை வெளியே இழுத்தபோதுதான்
சற்று நேரம் அப்படியே இருந்தேன்.
ஆறு ரப்பர் இதழ்கள். தேய்மானமே இல்லை.
சுற்றாமல் கிடந்ததிலேயே
இரண்டு இதழ் மடிந்து, மடிந்தபடியே நின்றுவிட்டது.
விரலால் நிமிர்த்தினேன்.
விட்டதும் பழையபடி படுத்துக்கொண்டது.

பெல்ட்டைத் தளர்த்தினேன். பேட்டரியைத் தூக்கினேன்,
வருஷத்துக்கு ஒரு கிலோ கூடுகிறது அது.
புகைக்குழாயில் எண்ணெய்த் துணி அடைத்தேன்.
சாவியில் அட்டை கட்டினேன், எனக்கே எழுதியது,
மே மாதத்து எனக்கு:
*இம்பெல்லர் இல்லை. குழாயில் துணி.
திருப்பாதே.*

மூன்றரைக்கே இருட்டிவிட்டது.
நோட்டை எடுக்கும் முன் மறுபடி மீட்டரைப் பார்த்தேன்.
1846.8.
இந்த வேலைக்காக நான் ஓட்டிய நிமிடங்கள்
அவர்களுடையதன்மேல் ஏறிவிட்டிருந்தன.
பின்னோக்கிச் சுழற்ற வழியில்லை.

அதனால் இரண்டு வரியாக எழுதினேன்.
வந்தபோது 1846.6.
பட்டறையில் ஓடியது, புள்ளி இரண்டு.
மொத்தம் என்ற கட்டத்தை
வெறுமையாக விட்டேன்.

தார்ப்பாயை இழுத்துக் கட்டியாயிற்று.
அடுத்தது கர்விநெனின் அவுட்போர்ட்.
அவனிடம் மீட்டரே கிடையாது.