கட்டைவிரல்

புதன்கிழமைதோறும் பெட்டி வரும்.
நாடாவை நான் கத்தியால் கிழிக்கும் சத்தத்துக்கே
மூன்று பேர் கல்லாவை ஒட்டி வந்துவிடுவார்கள்.
மில்வாக்கியின் தெற்குப் பக்கம், ஜனவரி.
வெளியே ஏரிக்காற்று காதைத் தேடி அலைகிறது.
உள்ளே என் ஹீட்டர் சத்தம் மட்டும் போடும்.

இந்த வாரம் ‘உருக்கன்’, இருநூற்றுப் பதினான்காம் இதழ்.
பதினேழாம் பக்கம்.
கடிகாரக் கோபுர விளிம்பிலிருந்து
நீதிபதி கறையான் தொங்குகிறான்,
மணிக்கட்டு உருக்கனின் பிடியில்.
அடுத்த கட்டத்தில்
மணிக்கட்டு இல்லை.
அதற்கடுத்ததில் வெறும் தெரு, மேலிருந்து பார்த்தபடி,
ஒரு தொப்பி.

‘கைவிட்டுவிட்டான்’ என்றார் லாமாண்ட் பிக்ஸ்பி,
பேருந்து ஓட்டிய சீருடையோடு.
‘இருநூற்றுப் பதின்மூன்று இதழாக
ஒருத்தனையும் கைவிடாதவன்.
தம்பியைக் கொன்றவனுக்கே ஆஸ்பத்திரியில்
ஆரஞ்சு உரித்துக் கொடுத்தவன்.
உருக்கு பாதி, உருக்கம் பாதி, அதுதானே அவன்?
எழுதுகிறவனுக்கு ஆளையே தெரியவில்லை.’

‘கைவிடவில்லை. கைதவறியது’
என்றார் லொரெய்ன் குபியாக்.
கை அறுவைப் பிரிவில் செவிலி.
இருபத்தாறு வருடமாக
அடுத்தவர் விரல்களை விளக்கொளியில் பார்த்தவர்.
‘இந்தக் கட்டைவிரலைப் பார்.
இப்படி முளைத்ததை வைத்துக்கொண்டு
ஊறுகாய் ஜாடி மூடியைக்கூடத் திருக முடியாது.
அடிச்சதை எங்கே? மூட்டு எங்கே?
வரைந்தவனுக்குக் கை வராது.
போன இதழ் முழுக்க
பாதங்களைப் புகைக்குள் ஒளித்தானே, அதே ஆள்!’

ஆக, வழக்கு இதுதான்:
கட்டைவிரல் பிழையென்றால் உருக்கன் நிரபராதி.
கட்டைவிரல் சரியென்றால்
அது தெரிந்தே திறந்த கை.
ஓவியன் எவ்வளவு மோசமோ
நாயகன் அவ்வளவு நல்லவன்.

டூ வாங் அதுவரை வாய் திறக்கவில்லை.
பதினாறு வயது. பக்கத்தை மூக்குவரை தூக்கி,
‘மையைப் பாருங்கள்’ என்றான்.
‘பக்கம் முழுக்கப் பேனா.
இந்த விரலோரம் மட்டும் தூரிகை.
வராதவன் இங்கே வேகமாகக் கடந்திருப்பான்.
இவன் நின்றிருக்கிறான்.’

‘நின்றால் ஆயிற்றா?
நானும்தான் பியானோ முன்னால் நிற்பேன்’
என்றார் லொரெய்ன்.

பிறகு என் ஏணியை எடுத்தார்கள்.
லாமாண்ட் இரண்டாம் படியில், உருக்கனாக.
டூ முழங்காலை மடக்கி அவர் கையில் தொங்கினான்,
நீதிபதி கறையானாக.
லொரெய்ன் இதழைப் பார்த்துப் பார்த்து
கட்டைவிரலைத் திருப்பி வைத்தார்.
‘வரைந்தபடி பிடி.’
‘வரைந்தபடி பிடித்தால் வலிக்கிறது.’
‘வலித்தால் விட்டுவிடுவாயா?’
‘விடமாட்டேன்.’
‘அப்போது நழுவியதுதான்.’
‘நான் உருக்கன் இல்லையே!’

விளையாட்டுச் சீட்டு கேட்டு வந்த ஒரு பெண்
எட்டிப் பார்த்துவிட்டுக்
கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனாள்.
நான் இன்சூரன்ஸ் தவணையை நினைத்துக்கொண்டேன்.
போன மாதம் கட்டினேனா?

ஏழு மணிக்கு ஷட்டரை இறக்கினேன்.
நடைபாதை உறைந்து கண்ணாடியாகக் கிடந்தது.
லொரெய்னின் பூட்ஸ் வழுக்க,
லாமாண்ட் பாய்ந்து பிடித்தார்.
பிடித்தார், நான் பார்த்தேன்.
அப்புறம் அவர் கையில்
ஒரு கம்பளிக் கையுறை மட்டும் இருந்தது.

பனியில் உட்கார்ந்தபடி
இடுப்பைக்கூடத் தடவாமல்
லொரெய்ன் கேட்டார்:
‘விட்டாயா, நழுவியதா?’

லாமாண்ட் கையுறையைத் திருப்பிப் பார்த்தார்.
கட்டைவிரல் இருக்க வேண்டிய இடம்
உள்வெளியாய்ப் புரண்டு,
எந்தக் கைக்கும் பொருந்தாத பக்கமாக
நீட்டிக்கொண்டிருந்தது.

‘அசைக்காதீர்கள்’ என்றான் டூ.
தெருவிளக்கடியில் அதற்குள்
பதினேழாம் பக்கத்தைப் பிரித்திருந்தான்.

அந்தப் பிரதிக்கு
இன்னும் காசு வரவில்லை.