வாய்விட்டுச் சொல்லவும்

ஹங்கேரியில் எங்களுக்குக் குடும்பப் பெயர் முதலில் வரும்,
ஆள் அதன் பின்னால் நடந்து வருவான்.
செந்த்வாரி கெதேயோன் இருபத்தாறு வயதில்
தேர்தலுக்கு நின்றபோது
முன்னால் வந்த பெயருக்கு எழுநூறு வயது.

நான் வாக்குப்பதிவு மேசையில் எழுத்தர்.
யாருக்கு என்று தலைவர் கேட்பார்.
வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சட்டம்.
ஜனவரி. மை உறைந்துபோகும்;
கூட்டை அக்குளில் இடுக்கி இளக்குவேன்.

அவன் தாய், பெரிய கோமாட்டி,
பண்ணை வண்டிகளை அனுப்பியிருந்தாள்.
வண்டிக்குப் பன்னிரண்டு பேர்,
தொப்பியில் வெள்ளை இறகு, வயிற்றில் சூடான குலாஷ்.
கணக்குப்பிள்ளை ஓல்தி என் தோளுக்குப் பின்னால் நின்று
மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.
செந்த்வாரி என்றான் ஒருவன்.
செந்த்வாரி என்றான் அவன் மைத்துனன்.
ஒருவன் பயத்தில், உன் பெயரென்ன என்றதற்கே
செந்த்வாரி என்றான். யாரும் சிரிக்கவில்லை.

சக்கரம் செய்கிற காதாஷ் வெந்தெல் மட்டும்
மற்றவன் பெயரைச் சொன்னான்.
பின்னாலிருந்த மூச்சு நின்றது.
எழுதினேன்.

தொண்ணூற்றேழு வாக்கு வித்தியாசம்.

தலைநகரில் கெதேயோன் பேசியதெல்லாம்
ஒரு பெட்டியைப் பற்றி:
மேலே ஒரு கீறல், மடித்த தாள்,
சுற்றிலும் ஒரு திரைச்சீலை.
நல்ல குரல் அவனுக்கு, நல்ல கைகள்.
முடிப்பதற்குள் ஒரு கிழட்டு உறுப்பினர் எழுந்து
"கோமகன் இங்கே எந்த வண்டியில் வந்தார்?" என்றார்.
சபை மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தது.

அந்த வாரமே என் அலுவலகத்துக்கு வந்தான்.
கையுறையைக் கழற்றி, பதிவேட்டில்
தன் பெயரைத் தடவிக்கொண்டே இறங்கினான், பக்கம் பக்கமாக,
அவரைக்கொடியில் பூச்சி தேடுகிறவன் மாதிரி.
ஓரிடத்தில் விரல் நின்றது.
இவன் எங்கே?
புனித ஜார்ஜ் நாளோடு குத்தகை முடிந்தது என்றேன்.
முடித்தது யாரென்று அவன் கேட்கவில்லை.

ரயில் பட்டறையில் கண்டுபிடித்தோம்.
"நீ ஒருவன்தான் பயப்படவில்லை" என்றான்,
கண் கலங்கியிருந்தது.
வெந்தெல் எண்ணெய்க் கையைக் கந்தலில் துடைத்தான்.
"பத்து குரோனா கொடுத்தார்கள், ஐயா.
சின்னவளுக்கு பூட்ஸ் இல்லை."

திரும்பும் வழியெல்லாம் கெதேயோன்
ஜன்னலோடுதான் இருந்தான்.

அடுத்த தேர்தலில் வண்டி வேண்டாம் என்றான்.
இறகு வேண்டாம், குலாஷ் வேண்டாம், முக்கியமாக
ஓல்தி வேண்டாம்.
தாய் ஒரு மாதம் பேசவில்லை.
அறுவடை நெருங்கும் நேரம்;
பதினாறு கிலோமீட்டர் புழுதியில்
கொள்கைக்காக நடந்து வந்தவர்கள்
ஒரு வண்டிக்குக்கூடக் காணாது.
மற்றவனின் வண்டிகள் மணி குலுங்க வந்துகொண்டே இருந்தன.

மாலை, மேசையை மூடப்போகையில்
வெந்தெல் வந்தான், சொந்தக் காசில் டிக்கெட் வாங்கி.
ஊர் மாறியவன் என்று பெயரை அடித்திருந்தது.
கோடு என் கை போட்டது.
"அப்படியானால் சொல்ல வேண்டாமா?" என்றான்.
வேண்டாம் என்றேன்.
கூட வந்த மகள் வெறுங்காலோடிருந்தாள்; கோடைதானே.
இருவரும் ஏழரை வண்டிக்கு நடந்தார்கள்.

தோற்றவன் இரவில் வந்து கேட்டான்:
யாருக்குச் சொல்லியிருப்பான்?
தெரியாது என்றேன்.
தெரியாது, என்று அவனும் சொல்லிப் பார்த்தான்,
பெயர் தெரியாத மிட்டாயை
நாக்கில் புரட்டுகிறவன் போல.
பிறகு எழுந்து போனான்.
தொப்பியை மறந்திருந்தான்.