தற்காலிகம்

நாலாயிரத்து முந்நூற்றுப் பதினாறு வரிகள்.
ஒரே ஃபைல்.
திறக்கும்போதெல்லாம் என் லேப்டாப்
குஞ்சப்பனை ஏற்றத்து லாரி மாதிரி
ஒரு முறை நின்று மூச்சு வாங்கும்.

கட்டபெட்டில், மாவு மில்லுக்கு மேல் அறை.
மூன்று நாளாக ஜன்னலில் மலை இல்லை.
மேகம்தான். அதுவும்
இன்டர்நெட்டைப் போல வந்து வந்து போகிறது.

பச்சைத் தேயிலை வாங்கும் கம்பெனியின் இணையதளம்.
எந்த வண்டிக்கு எந்தப் பாதை,
எந்த மேட்டில் எந்தத் தராசு,
குறுஞ்செய்தி போகும் வழி, வங்கிச் சாவி,
பொங்கல் விடுமுறை, ஹெத்தையம்மன் பண்டிகை விடுமுறை,
முதலாளிக்குப் பிடித்த பச்சை நிறத்தின் எண்,
எல்லாம் அந்த ஒரே மூட்டையில்.
'ஓடுகிறதல்லவா, தொடாதே'
என்பதுதான் ஆறு வருஷமாக அதற்குப் பூட்டு.

போன வாரம் லிங்கன் சார்
விடுமுறை ஒன்றைச் சேர்க்கப்போய்
ஒரு காற்புள்ளியைத் தின்றுவிட்டார்.
அரவேணு பாதை முழுக்க அன்று யாருக்கும் பணம் ஏறவில்லை.
பிறகுதான் சொன்னார்கள்:
"பிரிச்சிடு தவமலர். ஆனா எதுவும் மாறக் கூடாது."

பிரிப்பது சுலபம் என்பவர்கள்
வீடு காலி செய்து பார்க்காதவர்கள்.
பாதைகளை எடுத்துத் தனியே வைத்தேன்.
தராசுகளைத் தனியே.
சாவிகளை மட்டும் பூட்டிய வேறிடத்தில்;
இத்தனை நாள் அவை
விடுமுறைப் பட்டியலின் வாசலில்
செருப்பு மாதிரி கிடந்தன.

பின்னால் வருவது முன்னால் வந்ததை அழிக்கும்.
இந்த ஃபைலுக்குத் தெரிந்த ஒரே சட்டம் அது.
கேட்காது, முனகாது.

இரவு பதினொன்றே கால்.
வரி இருநூற்றுப் பன்னிரண்டு:
ஈரக்கழிவு, எட்டு.
நனைந்த இலை நூறு கிலோ என்றால்
எட்டுக் கிலோ தண்ணீர் என்று தள்ளுவது.
கூட்டம் போட்டுப் பேசி, கையெழுத்து வாங்கி,
தராசு மேட்டிலெல்லாம் நோட்டீஸ் ஒட்டிய எட்டு.
வெட்டினேன், ஒட்டினேன், நகர்ந்தேன்.

வரி மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழு.
குறுஞ்செய்திக்கும் லோகோவுக்கும் நடுவே,
வழி தவறிய ஆள் போல:
ஈரக்கழிவு, பன்னிரண்டு.
பக்கத்தில் குறிப்பு:
தற்காலிகம். இந்த மழைக்கு மட்டும். ரெஜினால்டு.

எந்த மழைக்கு?
ரெஜினால்டு கனடா போய் நாலு வருஷம்.
அந்த மழை பெய்து, ஓடையில் இறங்கி,
பவானியில் சேர்ந்து, யார் வயலிலோ நெல்லாகி
உலையும் கொதித்திருக்கும்.
இந்த வரியில் மட்டும் இன்னும் விடவில்லை.

கணக்குப் போட வேண்டாம் என்றுதான் இருந்தேன்.
ஒரே ஒரு பெயரைப் போட்டுப் பார்த்தேன்:
கெப்பியம்மாள், அரவேணு பாதை, கடைசி மேடு.
நாலு மழைக்காலம்,
நூற்று எழுபத்திரண்டு கிலோ.
பட்டியலில் அவருக்குக் கீழே
இன்னும் அறுநூற்றுச் சொச்சம் பேர்.
கீழே இறக்காமல் மூடிவிட்டேன்.

யாரும் திருடவில்லை.
ஒருவர் மறந்தார்,
மற்றவர்கள் தொடவில்லை,
அவ்வளவுதான்.

எதுவும் மாறக் கூடாது என்றால் பன்னிரண்டு.
நோட்டீஸ் சரி என்றால் எட்டு.
மூட்டைக்குள் இரண்டும் பல வருஷம்
ஒன்றின் மேல் ஒன்று படுத்துக் கிடந்தன.
பிரித்த வீட்டில் ஒன்றுக்குத்தான் இடம்.

கழிவுக்கென்று தனி ஃபைல் போட்டேன்.
ஒரே வரி. பெயர் உண்டு,
எண்ணின் இடம் காலி.
காலியாக இருந்தால் சர்வர் எழாது;
எழாமல் ஒரு வாக்கியம் மட்டும் காட்டும்:
ஈரக்கழிவு எவ்வளவு? முடிவு செய்தது யார்?

இரண்டு வரிகளையும் படம் பிடித்து
லிங்கன் சாருக்கு அனுப்பினேன்.
மூன்று மணிக்கு ஒரு நீல டிக். பதில் இல்லை.
பழையதைத் திருப்பிப் போட
எனக்கு ஒரு கட்டளை போதும்.
விரல் இரண்டு தடவை போய்த் திரும்பியது.

ஆறு மணிக்கு முதல் தராசு.
இப்போது ஐந்து நாற்பது.
மேகத்துக்குள் எங்கோ வண்டி ஒன்று
கியர் மாற்றுகிறது.
போன் அடிக்கிறது.