அரை மாத்திரை

ஆஸ்பத்திரி வீதியில் எங்கட பாமசி.
கத்தரிக்கோலோடு கவுன்ரரில் நிக்கிறது நான்.
பத்துக் குளிசை அட்டையில்
நாலு காணும் எண்டால் நாலு வெட்டிக் குடுப்பன்.
குமிழில் பிடிக்கக்கூடாது,
இடைக்கோட்டில் மட்டும்.

அதாலதான், சொல்லைத் துண்டு துண்டாய்ப் பிரி எண்டு
சோதினைப் புத்தகம் சொன்னபோது
எனக்குப் பயம் வரேல்லை.
இருபத்தேழாம் திகதி கொழும்பில் சோதினை.
பாஸ் எண்டால் விசா,
விசா எண்டால் ஹரோவில் ஜெயரூபன்.

மெடிசின்:
புத்தகத்தில் மூண்டு துண்டு.
ஃபோனுக்குள் இருக்கிற லண்டன்காரி
இரண்டாய்த்தான் சொல்லுறா.
நடுத்துண்டை எந்த இடத்தில் விழுங்கினவ எண்டு
பத்துத்தரம் திருப்பிக் கேட்டன்.
தண்ணிகூட இல்லாமல் விழுங்குறா.

ரிசீற் எண்ட சொல்லில் ஒரு பீ கிடக்கு.
நாளுக்கு இருநூறுதரம் கிழிச்சுக் குடுக்கிறன்,
இண்டைக்குத்தான் கண்டன்.
நியூமோனியாவின் வாசலில் இன்னொரு பீ,
மூச்சுவிட ஏலாமல்.

கேணல்.
எழுத்து வேறை, ஒலி வேறை எண்டு கீழே குறிப்பு.
பக்கத்தைத் திருப்பினன்.
அந்தச் சொல்லை உச்சரிக்க
இந்த ஊருக்கு ஒருத்தரும் சொல்லித்தரத் தேவையில்லை.

சில அசைகளுக்கு முன்னால்
உச்சியில் ஒரு சின்னக் கோடு.
இதில் ஏறி மிதி எண்டு அர்த்தமாம்.
எனக்கெங்கே ஏறத் தெரியும்?
குடாநாட்டில் மேடெண்டு ஒண்டில்லை,
கீரிமலையும் பேரில்தான் மலை.
கொக்குவிலில் இருந்து கடைவரைக்கும்
ஒரே சீராய்ச் சைக்கிள் மிதிச்சு வாறவள் நான்.
என்ர இங்கிலிசும் அப்பிடியே வருகுது,
ஒரு சொல்லிலும் மூச்சு வாங்காமல்.

சனி பின்னேரம் நெடுந்தீவு அருளப்பு வந்தவர்.
பிறசர் குளிசை, ஒரு மாதத்துக்கு.
காசு பாதிக்குத்தான் காணும்.
கடைசி வள்ளத்துக்கு நேரம் பாத்துக்கொண்டு
பஸ் இரைச்சலுக்குள் நிண்டார்.
முதலாளி சாப்பிடப் போயிருந்தார்.
முழுசாய்க் குடுத்திட்டு
கொப்பியில் பேரை எழுதினன்.

அண்டிரவு வந்த சொற்கள் இரண்டு.
ஐலண்ட்: நடுவில் ஒரு எஸ்,
வள்ளம் நிக்காத துறை மாதிரி.
டெற்: அதுக்குள்ளும் ஒரு பீ.
இது வேறை பீ, உதடு அதிரவேணும்,
தமிழில் எழுதினால் இரண்டும் ஒண்டு.
எப்பிடியும் இரண்டையும் சொல்லக்கூடாது,
பிறகேன் இந்தக் கவலை.

அந்தச் சொல்லை அகராதி பிரிக்கேல்லை.
ஓ.எல்.லுக்குப் படிச்ச அலகிடுதல் ஞாபகம் வர
எங்கட சொல்லை எடுத்து வைச்சுப் பாத்தன்:
கடன். குறில், குறில், ஒற்று.
நிரை. ஒரே அசை.
இங்கேயும் வெட்ட இடைக்கோடு இல்லை.

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு,
மெய்க்கு அரை.
எழுத்தில் இருந்தும் வாயில் வராததுக்கு
எவ்வளவு எண்டு
எந்த நூற்பாவும் சொன்னதாய் நினைவில்லை.

சோதினை அறையில் ஒரு வெள்ளைக்கார அம்மா.
வேலை என்ன எண்டு கேட்டா.
பாமசி எண்டன், முதலசையில் ஏறி மிதிச்சு.
அங்கே என்ன செய்வீர்?
வெட்டுவன் எண்டன்.
எதால எண்டதுக்குச் சொல் வரேல்லை.
இரவு முழுக்கப் படிச்ச சொல்,
அதிலும் ஒரு சீ ஊமை,
அதோட சேத்து முழுச்சொல்லும் ஊமையாய்ப் போச்சு.
இரண்டு விரலால் காத்தை வெட்டிக் காட்டினன்.
சிரிச்சிட்டு என்னவோ எழுதினா.

திங்கள் கடை திறக்க
கொப்பியில் அருளப்புவின் பேருக்கு மேலே
கோடு கிழிச்சுக் கிடந்தது.
என்ன சொன்னவர் எண்டு முதலாளியைக் கேட்டன்.
ஒண்டும் சொல்லேல்லை,
காசை வைச்சிட்டுப் போட்டார் எண்டார்.

அடுத்த சிட்டை வந்தது:
இரவுக்கு அரை.
கத்தரிக்கோலை வைச்சிட்டு
பிளேட்டை எடுத்தன்.