சந்தா எண் இருபத்தாறு

இராயக்கோட்டை சாலையில்
டயர் ரீட்ரேடிங் கடைக்கு மேல் என் அறை.
பதினொன்றுக்குத்தான் பதிவு.
அதற்கு முன் கம்ப்ரஸர் விடாது,
பன்னிரண்டுக்குப் பின் ஓசூர் லாரிகள் விடாது.
நடுவில் கிடைக்கும் ஒரு மணி நேரம்
போர்வையைத் தலைக்கு மேல் இழுத்து
ஆய்வுக்கட்டுரை ஆங்கிலம் சொல்கிறேன்
மைக்குக்கும் என் வியர்வைக்கும்.

மாதம் நூற்று நாற்பத்தொன்பது.
பாடத்தின் நடுவே சமையல் எண்ணெய் குதித்து வராது
என்று சத்தியம் செய்து வாங்குகிற பணம்.
நாற்பத்தொரு பேர்.
ஆறாயிரத்து நூற்று ஒன்பது.
பணத்தைக் கைமாற்றும் கம்பெனி
அதில் நூற்று இருபத்திரண்டைக் கிள்ளிக்கொள்ளும்.
சர்வருக்கு இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது.
கடைக்கார மாதப்பனுக்கு ஐந்தாம் தேதி, கையில்,
மூவாயிரத்து ஐந்நூறு.
மிச்சம் நூற்று நாற்பத்தேழு.
சோறு, பகலில் மாங்கூழ் ஆலைக்கு எழுதும்
ஏற்றுமதிக் கடிதங்களில் வருகிறது.

கௌரம்மா, தேன்கனிக்கோட்டை.
சந்தா எண் இருபத்தாறு.
திங்கட்கிழமை அனுப்பிய பயிற்சியில்
தக்காளி இலைச்சுருள் நோய்,
முற்றுப்புள்ளியே இல்லாமல் ஒரு முழுப் பக்கம்.
புதன்கிழமை அதே கௌரம்மா
ஆழ்துளைக் கிணற்று ஃப்ளோரைடும் பல்லின் பழுப்பும்;
மூன்று சொல்லுக்கு ஒரு புள்ளி,
எண்ணி வைத்த மாதிரி.
வெள்ளிக்கிழமை மாம்பூவின் தத்துப்பூச்சி.
வரிக்கு வரி 'மேலும்', 'மேலும்',
குக்கர் விசில்போல.
ஞாயிறு இரவு ஒன்றேகாலுக்கு
புளி ஏலத்தில் தரகு விகிதம்.
ஒரே பெயருக்குள்
எண்ணிப் பார்த்தேன்,
ஏழு கை.

விதி எழுதியவள் நான்தான்:
ஒரு சந்தா, ஒருவர்.
கண்டித்து எழுதினேன், கொஞ்சம் கூசிக்கொண்டே.
ஏழு பேர் ஒரு சீட்டில் ஏறினால்
வண்டிக்கு யார் டீசல் போடுவது?

மறுநாள் பதில் வந்தது. ஆங்கிலத்தில்.
தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி:

"பயன்படுத்துவோர் ஒருவருக்கு மேற்பட்டிருக்கக்கூடும் என்ற
தங்கள் கருத்து ஏற்கத்தக்கதாகவே தோன்றுகிறது.
ஆயினும் தங்கள் சான்றுகள்
ஒரே வாரத்துக்கு உட்பட்டவை.
ஒரே நபர் ஏழு விதமாக எழுதும் வாய்ப்பை
முற்றாக மறுத்துவிட இயலாது.
மேலதிக ஆய்வு தேவைப்படலாம்."

பத்தொன்பதாம் பாடம்!
அடித்துச் சொல்லாதே,
கையில் இருக்கும் சான்று எவ்வளவோ
அவ்வளவுக்கு மட்டும் வாயைத் திற என்று
போர்வைக்குள் மூச்சு முட்டச் சொன்ன பாடம்.
இதற்காக இங்கிலாந்து வரை போக வேண்டாம்,
நம்மிடம் 'போலும்' இருக்கிறது என்று
கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தேன்.
யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்துத்தான்.

கடிதத்தின் அடியில், தமிழில், வேறொருத்தி:
"அக்கா, பையூர்ப் பக்கம் ஹாஸ்டல்.
ஆளுக்கு இருபத்தொண்ணு போடுறோம்.
ரெண்டு ரூபா குறையுது.
அத மாசத்துக்கு ஒருத்தி போடுவோம்.
இந்த மாசம் நான், போலும்."

நான் சிரித்த சிரிப்பில்
கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு
மாதப்பன் படியில் பாதிவரை ஏறி வந்தார்.
"ஏம்மா, பணம் வந்துச்சா?"
"இல்லண்ணா."
இறங்கிப் போனார்.

ஏழு இருபத்தொன்று நூற்று நாற்பத்தேழு.
என் மிச்சமும் அதே.
இதில் அர்த்தம் எதுவும் இல்லை, சும்மா ஒரு கணக்கு.
அடுத்த மாதம் ஒரே ஒருவர் விலகினாலும்
வாடகையில் இரண்டு ரூபாய் இடிக்கும்.
அதற்கு எந்தப் பெண்ணின் முறையோ.

விதியை நான் மாற்றவில்லை.
அதைப் பார்க்கவும் இல்லை.
பதிலை மட்டும் திருத்தித் திருப்பி அனுப்பினேன்.
'ஒரு' வர வேண்டிய இடத்தில் 'அந்த' வந்திருந்தது,
ஏழு பேரும் அங்கேதான் சறுக்குகிறார்கள்.

இருபதாம் பாடம் அதுவே.
மணி பதினொன்று.
போர்வையை இழுத்தேன்,
தொண்டையைச் செருமினேன்,
கரண்ட் போனது.